மஞ்சள் வானத்தில் என் பெயர்

சுக்கின் காரம் மூக்கில் ஏறுவதற்கு முன் கண்ணில் ஏறும். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு பழைய சரக்குக் கிடங்கு இருந்தது, “பாண்டிகசாலை” என்போம். மூட்டைகளை எடுத்துப் பல மாதங்கள் ஆகியும் அந்தக் காரத்தைச் சுவர்கள் விடவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் கண்ணைக் கசக்கிக்கொண்டும் தும்மிக்கொண்டும்தான் அதற்குள் முதன்முதலாகப் போய் உட்கார்ந்தேன்.

அங்கே பிள்ளைகளுக்குப் பத்து நாள் கைவேலை முகாம். இலை, விதை, மண், தேங்காய் நார், சிரட்டைக்கரி இவற்றைக் கொண்டே படம் செய்ய வேண்டும், கடையில் வாங்கிய வர்ணத்தைத் தொடக்கூடாது என்பது முகாம் நடத்திய பெண்மணியின் சட்டம். அவரை “மிஸ்” என்றுதான் கூப்பிட்டோம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் மற்றவர்களிடம் மலையாளமும் என்னிடம் தமிழும் பேசுவார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே, எங்கள் தெருவிலிருந்து இலவசமாகச் சேர்த்துக்கொண்ட இருவரில் நான் ஒருத்தி. என் பெற்றோர் ஓட்டல் விரிப்புகளையும் சில வீடுகளின் துணிகளையும் வெளுத்துக் கொடுத்து வந்தார்கள்.

ஓட்டலில் கழித்துப்போட்ட விரிப்பு ஒன்றை அம்மா தந்தாள். அதில் நான் படகுத்துறையை வரைந்தேன். தேக்கின் கொழுந்தைக் கசக்கினால் கையெல்லாம் சிவக்குமே, அந்தச் சிவப்பில் ஓட்டுக் கூரைகள், சிரட்டைக்கரியில் படகுகள், பச்சை மஞ்சளை அரைத்துக் கஞ்சியில் கலந்து துணியின் மேல்பாதி முழுக்க வானம். கொக்குகளுக்கு மட்டும் துணியின் வெள்ளையையே விட்டுவைத்தேன். ஆறு நாள் முட்டிபோட்டு வேலை செய்ததில் முழங்கால் தோல் உரிந்தது.

ஒன்பதாம் நாள் மாலை, கண்காட்சிக்காகப் படங்களைச் சுவரில் கட்டி, பனையோலைத் துண்டுகளில் பெயர் எழுதித் தொங்கவிட்டார்கள். என் படத்தின் கீழ் “நிரஞ்சனா” என்று இருந்தது. நிரஞ்சனா கிடங்குக்காரரின் மகள். ஒன்பது நாளும் எனக்குப் பக்கத்தில் அமர்ந்து, புங்கங்காய்களை வரிசையாக ஒட்டுவதும் பிய்ப்பதுமாக இருந்த, அதிகம் பேசாத பெண். ஓலை மாறிவிட்டது என்று நினைத்து மிஸ்ஸிடம் ஓடினேன்.

“மாறியெல்லாம் போகலை. அவ அப்பாதானே நமக்கு இந்த எடம் தந்திருக்கார்? நாளைக்கு அவர் வரும்போது பொண்ணோடதுன்னு ஒண்ணு சுவத்துல இருக்கண்டாமா?” என்றார் மிஸ்.

“நான் வரைஞ்சது மிஸ்.”

“நீ துணி கொண்டுவந்தே. உங்காத்துல துணிக்கா பஞ்சம்? அம்மாகிட்ட சொல்லி இன்னொண்ணு வாங்கிண்டு வா, அடுத்த வருஷம் பார்க்கலாம், கேட்டியா?”

சொல்லிக்கொண்டே என் கன்னத்தைத் தட்டினார். அந்தத் தட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் அழுது முடித்திருப்பேன்.

வெளுக்கிற வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாது. மஞ்சள் கறையின் மேல் சலவைச் சோடாத் தண்ணீர் பட்டால் அந்த நொடியே ரத்தமாகச் சிவக்கும். மறுநாள் காலை, அம்மா கரைத்து வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு மருந்துக் குப்பியில் பிடித்துக்கொண்டு, முகாமில் நானே தேங்காய் நாரில் கட்டிய தூரிகையையும் பாவாடையில் சொருகிக்கொண்டு போனேன்.

திறந்துவைக்க வந்திருந்தவர் ஒரு வயதான ஓவிய ஆசிரியர். ஒவ்வொரு படமாகப் பார்த்து வந்தவர் என் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். “ஈ மஞ்ஞ எங்ஙனே கிட்டி மோளே?” என்று நிரஞ்சனாவிடம் கேட்டார். அந்த மஞ்சள் எப்படிக் கிடைத்தது என்று சொல்லத் தெரியாமல் அவள் தரையைப் பார்த்தாள்.

“நான் காட்டறேன் சார்” என்று முன்னால் போனேன். மிஸ் என் தோளைப் பிடிப்பதற்குள் தூரிகையைக் குப்பியில் முக்கி, எட்டிய உயரத்தில், வானத்தின் குறுக்கே என் பெயரை எழுதினேன். எனக்கு அப்போது தமிழ் எழுத வராது. மலையாளத்தில் எழுதியதும் நல்லதாகப் போயிற்று, அங்கிருந்த எல்லோருக்கும் படிக்க முடிந்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் பெரியவர் கைதட்டினார்.

“பவானி,” என்று வாசித்தார். “யாரா பவானி?”

“நான்.”

“அப்போ படம்?”

“அதுவும் நான்தான்.”

கைதட்டல் நின்றது. மிஸ்ஸின் முகத்தில் ரத்தமே இல்லை. அதை ஆசை தீரப் பார்த்தேன். கிடங்குக்காரர் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார். என்னைக் கடக்கும்போது அவள், படம் தன்னுடையது இல்லை என்று தான் முன்பே சொன்னதாகவும் மிஸ் கேட்கவில்லை என்றும் அழுகையோடு முணுமுணுத்தாள். அவளுக்காக நான் வருந்தினேன் என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். அன்று அப்படி ஒன்றும் தோன்றவில்லை. சிரித்தேன்.

கிடங்குக்காரர் வீட்டுத் துணி அந்த வாரமே நின்றது. “உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை?” என்று அம்மா முதுகில் இரண்டு வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, விரிப்பை முறுக்கிப் பிழிந்தபடியே, “பேரு எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதினியா?” என்று கேட்டாள். தெரிந்தது என்றேன்.

மிஸ் அதற்குப் பிறகும் ஒவ்வொரு கோடையிலும் முகாம் நடத்தினார், பெயரும் பெற்றார். என்னிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னதில்லை. வழியில் பார்த்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். அவர் அப்படி விலகுவதற்காகவே நான் வேண்டுமென்று அந்தப் பக்கமாக நடந்த நாட்களும் உண்டு.

இன்று பாண்டிகசாலை இருந்த இடத்தில் காப்பிக்கடை நடக்கிறது. சுவர்களைச் சுரண்டி வெள்ளையடித்துவிட்டார்கள். உள்ளே போனால் யாருக்கும் கண் கரிப்பதில்லை. போன மாதம் மிஸ் காலமானார். காப்பிக்கடையிலேயே அஞ்சலிக் கூட்டம் வைக்கிறார்கள். அவருடைய முதல் முகாமில் இருந்தவர் என்ற முறையில் நான் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கடை நடத்தும் இளைஞர் போனில் கேட்டார். “சேச்சி, மிஸ்ஸைப் பத்தி மனசுல உள்ளதைச் சொன்னா மதி, அது போதும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.