தொங்கிய துணி

ஒரு நீல டிரம்மின் வாயில் கட்டியிருந்த மஞ்சள் துப்பட்டாதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அது நடுவில் தொங்கி, தண்ணீரைத் தொட்டு நனைந்திருந்தது. எங்கள் தீவுத் துறைமுகமான ஃபீனிக்ஸ் பேக்கு மேலே, மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக முளைத்த தகர வீடுகளில் ஒன்றில் இருந்த டிரம் அது. ஊர் பெருகப் பெருக யார் எங்கே குடியேறுகிறார்கள், அங்கே என்ன நோய் வருகிறது என்று ஆராய மெயின்லேண்டிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருந்தார். தமிழும் இந்தியும் தெரியும் என்பதால் என்னை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார்.

அந்த வீட்டு அக்கா ராமநாதபுரத்திலிருந்து வந்தவர். கப்பல் ஜெட்டிக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்தார். வாய் கொஞ்சம் நீளம். மூடாத டிரம்மைக் கண்டால் அந்த வீட்டுக்காரர்களைத் தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றி வைவார். எனக்கு அவரைப் பிடிக்கும், பயமும் உண்டு. அந்த வாரம் அவருடைய ஒரே மகள் டெங்குவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே இருந்தது. கஞ்சி காய்ச்சி எடுத்துப்போக அக்கா வீட்டுக்கு வந்த நேரத்தில்தான் நாங்கள் போய் நின்றோம்.

"என் டிரம்ம என்னத்துக்குப் பாக்குற? நான்தான் துணி கட்டியிருக்கேனே. பக்கத்து வீட்டப் போயி தேக்கோ, வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது."

துப்பட்டாவை விலக்கி டார்ச் அடித்தேன். புழுக்கள் நெளிந்தன. துணி தண்ணீரைத் தொட்டால் அந்த ஈரத்திலேயே கொசு முட்டையிடும் என்று பேராசிரியை எனக்குச் சொல்லியிருந்தார். இதை எப்படி இந்த நேரத்தில் சொல்வது? அதற்குள் அக்காவே எட்டிப் பார்த்துவிட்டார்.

"கொட்டணும் அக்கா" என்றேன்.

"கொட்டிட்டு? பானி வர இன்னும் மூணு நாளாகும். புள்ளைக்குக் கஞ்சி எதுல காச்ச?" டிரம்மைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "அப்ப நான்தானா? நானே எம்புள்ளைக்கு இதக் குடுத்தேனா?"

"எந்த வீட்டுக் கொசுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார் பேராசிரியை. ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, உண்மையே அதுதான். அக்கா டிரம்மை ஒரே தள்ளாகச் சாய்த்தார். தண்ணீர் சரிவில் இறங்கி ஓடியது.

"தெரியலன்னா எல்லா வீட்டையும் தொறங்க" என்று எங்களுக்கு முன்னால் நடந்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை. அவர் எப்போதும் வைகிற பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், தன் அடுக்களையில் மூடி வைத்திருந்த குடத்துத் தண்ணீரில் கஞ்சி காய்ச்சி அவர் கையில் கொடுத்தாள். அக்கா வாங்கிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

மகள் பிழைத்தாள். இப்போது மாயாபந்தரில் வேலை பார்க்கிறாள், அக்காவும் அவளோடு இருக்கிறார். பேராசிரியையின் வரைபடத்தில் அந்தச் சரிவு, நோய் மிகுந்த இடமாக, சிவப்பில் இருக்கிறது. மரைன் ஹில்லில் என் வீட்டிலும் தண்ணீர் இன்னும் முறை வைத்துத்தான் வருகிறது. அக்கா போன் செய்தால் நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான்.

"துணி தொங்குதா, போயிப் பாரு தங்கச்சி."

பின்னால் மகள் சிரிப்பது எனக்குக் கேட்கும். போனைக் காதில் வைத்தபடியே போய் டிரம்மின் துணியை இழுத்துக் கட்டுவேன். கட்டிவிட்டேன் என்று நான் சொல்லும்வரை அக்கா வேறு பேச்சு பேசமாட்டார்.