வாஷர் இல்லாத மூடி

எந்தக் குழாயைப் பூட்டி முடித்தாலும், அந்த இணைப்பின் மேல் ஒரு துண்டுச் செய்தித்தாளைச் சுற்றி நூலால் கட்டுவார். ஸ்பேனரைத் துணியில் துடைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தி உட்காருவார். அரை மணி நேரம். தாளில் ஊசிமுனை அளவு ஈரம் தெரிந்தாலும் பிரித்து மறுபடி பூட்டுவார். பேராசிரியர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன், கிளம்புங்களேன்" என்பார்கள். "உங்க கையெழுத்து ஒழுகாது சார், குழாய்தான் ஒழுகும்" என்று சொல்லிவிட்டு அசையாமல் இருப்பார்.

அதனால் இந்தப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயர் பேப்பர் அண்ணன். முப்பத்திரண்டு வருடமாக இங்கே குழாய் வேலை. நான் இந்த வராந்தாக்களைத் துடைக்க வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அவர் கை வைத்த இடத்தில் மறுநாள் ஈரம் துடைத்ததாக ஞாபகம் இல்லை.

ஒல்லியான உடம்பு. இடது கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருக்கும். வெள்ளை டேப்புச் சுருளைச் சுண்டுவிரலில் மோதிரம் போல மாட்டியிருப்பார். சொட்டும் குழாயைப் பார்த்தால், "என்னடி அழுவுற, யாரு அடிச்சா உன்னை?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பேனரை எடுப்பார். ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில் கொல்லைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டார். அண்ணி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

முன்வாசல் புல்தரையில் ஒரு கல் உண்டு. அதற்கடியில் முப்பது வருடத்துக்கு முன் ஓர் எஃகு டிரம்மைப் புதைத்தார்கள். அப்போது படித்த மாணவர்கள், பின்னால் வரப்போகிறவர்களுக்கு எழுதிய இருநூறு கடிதங்கள் அதற்குள் இருந்தன. போன மாதம் அதைத் திறந்தார்கள். நாற்காலி, மைக், பூங்கொத்து எல்லாம் இருந்தது. கடிதம் எழுதியவர்களில் அறுபது பேர் வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள்.

மூடியைத் தூக்கியதும் நாற்றம் வந்தது. உள்ளே பாதிக்குமேல் தண்ணீர். கடிதங்கள் கூழாகக் கிடந்தன. இறந்துபோன தம்பியின் கடிதத்தைப் பார்க்க வந்த ஒரு நரைத்த தலை அம்மாள், கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"யாருங்க இதை மூடினது?" என்று கேட்டார்.

கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த பேப்பர் அண்ணன், "நான்தாம்மா" என்றார்.

மேடையில் இருந்தவர்கள் அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். டிரம்மைக் கழுவிப் பெரிய கூடத்தில் மேசை போட்டு வைத்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டை: 'இதை மூடிய குழாய்ப் பணியாளரின் கவனக்குறைவால் உள்ளிருந்தவை அழிந்தன.' இந்தக் கட்டடத்தில் திறப்பு விழாக் கல்வெட்டுகள் பதினொன்று இருக்கின்றன. பதினொன்றையும் நான்தான் துடைக்கிறேன். ஒன்றிலாவது ஒரு கொத்தனார் பெயரோ தச்சர் பெயரோ கிடையாது. கைவேலை செய்கிறவனுக்கு இவர்கள் எழுத்தில் இடம் கொடுத்தது இந்த அட்டையில்தான். அதுவும் பழி போட.

பணிமனையில் எலக்ட்ரீஷியன் அவரைச் சீண்டினார். "ஏண்ணே, ஊரு குழாய்க்கெல்லாம் பேப்பர் சுத்துறீங்க, அந்த டிரம்முக்கு மட்டும் விட்டுட்டீங்களா?"

"அதுலேருந்துதாண்டா சுத்துறேன்" என்றார். பிறகு சொன்னார். "அன்னிக்கு மூடிக்கு வாஷர் வரலை. அரை மணி நேரம் குடுங்க, ரப்பர் வாங்கி வெட்டி எடுத்துட்டு வரேன்னு கெஞ்சுனேன். வந்த விருந்தாளிக்கு விமானத்துக்கு நேரமாச்சாம். 'சும்மா இறுக்கிப் பூட்டுப்பா, மண்ணுக்குள்ள தண்ணி எங்க வரப்போவுது'ன்னார் அப்ப இருந்த பதிவாளர். பூட்டிட்டேன். மறுநாள் ரப்பரோட போய் அவர் வாசல்ல நின்னேன். பெரியவங்க கையால புதைச்சதைத் தோண்டக் கூடாதுன்னுட்டார்."



அன்று மதியமே பேப்பர் அண்ணன் இப்போதைய பதிவாளரிடம் போனார். கதவு திறந்திருந்தது. நான் வெளியே ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த அட்டையை மாத்துங்க சார்."

"நீங்கதானேப்பா எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டீங்க?"

"இப்பவும் ஒத்துக்கிறேன். என் பேரையே போடுங்க. வாஷர் இல்லாம பூட்டச் சொன்னவர் பேரையும் கீழே போடுங்க."

"அவர் காலமாயிட்டார். பெரிய மனுஷர். அவர் பேரை இழுக்கலாமா?"

"நான் உயிரோட இருக்கேன், இழுக்க வசதியா."

"இன்னும் நாலு மாசத்துல ஓய்வு வாங்கப் போறீங்க. எதுக்கு இந்த வம்பு?"

"நான் போயிடுவேன் சார். அட்டை இங்கயே இருக்குமே."

பதிவாளர் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அது மணி அடிக்கவே இல்லை.

மறுநாள் காலை, கூடத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரத்தில், பேப்பர் அண்ணன் ஒரு துணிப்பையோடு வந்தார். பையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தை எடுத்தார். காய்ந்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. முப்பது வருடத்துக்கு முன் பதிவாளர் வாசலில் கொண்டுபோய் நின்ற அதே ரப்பர். டிரம்மின் வாயில் அதை வைத்து மெல்லத் திருப்பினார். ரப்பரில் இருந்த எட்டு ஓட்டையும் இரும்பில் இருந்த எட்டு ஓட்டையோடு பொருந்தி நின்றன. மேசையில் கிடந்த பழைய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, விரலாலேயே எட்டையும் இறக்கினார். யாரிடமும் எதுவும் சொல்லாமல், பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அட்டை இன்னும் மாறவில்லை. ரப்பரை எடுத்துக் குப்பையில் போடச் சொல்லி எங்கள் துப்புரவுப் பிரிவுக்கு இரண்டு முறை கடிதம் வந்துவிட்டது. எட்டு போல்ட்டும் அதனதன் ஓட்டையில் இருக்கின்றன.