மஞ்சளில் முக்கியெடுத்த சேலை

அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவள் நான்தான் என்று எட்டு வயதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அதற்காக வாங்கிய அடியைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் ராட்டையில் தறிக்கு நூல்தார் சுற்றுவார்கள். அம்மாவும் சுற்றினாள். முப்பத்திரண்டு வயதில் திடீரென்று ராட்டையை மூலையில் வைத்துவிட்டு, நர்ஸ் படிக்கத் திருநெல்வேலிக்குப் போகிறேன் என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். படிப்புக்கென்று ஒரு வெள்ளைச் சேலையை வாங்கி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் தெருவில் வெள்ளை கட்டுகிறவர்கள் புருஷனை இழந்தவர்கள் மட்டும்தான்.

அப்பாவின் அக்கா அன்றே வந்துவிட்டாள். “ஏட்டி, எந்தம்பி குத்துக்கல்லு மாதிரி இருக்கையில வெள்ளைச் சேலை கட்டப்போறியே, அவன் உசுருக்கு ஆகுமா?”

“அங்கன அதைத்தான் கட்டணுமாம் மதினி. கட்டத்தான் போறேன்” என்றாள் அம்மா.

குத்துக்கல் உள்ளே பாயில் படுத்து இருமிக்கொண்டிருந்தார்.

அத்தை சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அம்மா ஊருக்குப் புறப்பட ஒரு நாள்தான் இருந்தது. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம், டப்பாவிலிருந்த மஞ்சள்பொடி முழுவதையும் வாளியில் கரைத்து, இருந்த அந்த ஒரே சேலையை முக்கி எடுத்தேன்.

முதுகில் நாலு விழுந்தது. அம்மா சேலைக்குச் சோப்புப் போட்டாள், மஞ்சள் சிவப்பாகிவிட்டது. அதைப் பார்த்ததும் அழுதாள். அழுதுகொண்டே அலசி, மஞ்சள் வெளுக்கட்டும் என்று வெயிலில் விரித்தாள். காயக் காயத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் வரை அதன் பக்கத்திலேயே நின்றாள். “சாமியே வேண்டாங்குது, பாத்தியா?” என்றாள் அத்தை. அம்மா காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை, திட்டுத்திட்டாக மஞ்சள் நின்ற அதே சேலையைக் கட்டி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து பஸ் ஏறினாள். சேலையைப் பார்த்துவிட்டு அங்கே மத்தியானம் வரை அவளை வெளியே நிறுத்திவைத்தார்களாம். நின்றிருக்கிறாள்.

அதன்பிறகு வீட்டில் சோறு பொங்கியது அப்பாதான். எனக்குச் சடையும் பின்னிவிடுவார், கோணலாகத்தான் வரும். அம்மா படிக்கப் போனதால்தான் அப்பா தறிக்குப் போக முடியவில்லை என்று அவள்மேல் எனக்கு ஒரே கோபம்.

இனி தறிக்கூடத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதற்கு மறுநாள்தான் அம்மா ராட்டையை மூலையில் வைத்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.