ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு போன கல்யாணம்

கொல்லிமலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் எங்கள் வீட்டு முன்னறைதான். ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, அப்புறம் என் டேப்லெட். ஜாக்கெட் மாடல்களை அதில்தான் காட்டுவேன். போனில் காட்டினால் பெண்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏதோ ஒண்ணு தைங்கக்கா" என்று போய்விடுவார்கள். டேப்லெட்டில் பெரிதாகப் பார்த்துவிட்டாலோ, முதுகில் ஜன்னல் வேண்டும், குஞ்சம் வேண்டும் என்று ஆசை கிளம்பிவிடும். தொழிலுக்கு அது அவ்வளவு ஒத்தாசை.

அது காணாமல் போனது, மலையிலேயே தேவனூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியில் நடந்த ஒரு கல்யாணத்தின்போது.

கல்யாணப் பெண்ணுக்கு ஜாக்கெட் தைத்தது நான். முந்தின நாள் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கை கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால் அங்கேயே உட்கார்ந்து பிரித்துத் தைத்தேன். தலை அலங்காரத்துக்கும் மாடல் காட்டச் சொன்னாள் பெண். காட்டிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டார் மேளதாளத்தோடு சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். வீடே தலைகீழானது. எங்கள் ஊர்ப்பக்கம் போகிற ஜீப் வெளியே ஹாரன் அடித்தது. அதை விட்டால் நடைதான். பையை அள்ளிக்கொண்டு ஓடினேன்.

மறுநாள் காலையில் பையைக் கவிழ்த்தால் கத்திரிக்கோல் விழுந்தது, நூல்கண்டு விழுந்தது, அளவெடுக்கிற டேப் விழுந்தது. டேப்லெட் விழவில்லை.

"ஏனுங்க, பையில வெச்ச மாதிரி நல்லா ஞாபகம் இருக்குதுங்க" என்றேன் என் வீட்டுக்காரரிடம். அவருக்கு மிளகுத் தோட்டத்து வேலை தெரியும். என் சாமான்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"போன்ல பாத்தா அது இருக்கற எடத்தக் காட்டுமுன்னு சொல்லுவியே. பாரு."

பார்த்தேன். சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறதே என்று இடம் காட்டுகிற வசதியை எப்போதோ நானே அணைத்துவிட்டிருந்தேன். கடைசியாகத் தெரிந்த இடம் என்று நாமக்கல் பஸ் ஸ்டாண்டைக் காட்டியது.

"நாமக்கல்லுக்குப் போயிருச்சா! இரு, பஸ்ஸப் புடிக்கறேன்" என்று சட்டையை எடுத்தார்.

"தீவாளிக்குத் துணியெடுக்கப் போனப்பத்தானுங்க நாம நாமக்கல்லுக்கே போனோம். அன்னைக்கு இருந்ததத்தான் இன்னும் சொல்லிட்டிருக்குது."

சட்டையை மாட்டியது மாட்டியபடி நின்றார். "அப்ப கல்யாண ஊட்டுக்குப் போனப் போட்டுக் கேளு."

"என்னன்னு கேக்கறதுங்க? தாலி கட்டற நாளுல, உங்க ஊட்டுல என் சாமானக் காணோமுன்னா, வந்த சனத்தையெல்லாம் திருடன்னு சொன்ன மாதிரி ஆயிராதுங்களா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அது ஜீப்பிலும் விழுந்திருக்கலாம், இறங்கி டீ குடித்த கடையிலும் விட்டிருக்கலாம். யாரையும் கேட்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

உப்புமா கிளறும்போது யோசனை வந்தது. என் டேப்லெட்டில் சிம் கிடையாது. என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் அதற்கு நெட். பக்கத்தில் இருந்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். போனில் 'ஒரு சாதனம் இணைந்துள்ளது' என்று வரும். ஒட்டிக்கொண்டுவிட்டால் போதும், போனிலிருந்தே அதை மணியடிக்க வைக்கலாம். ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொண்டு நேற்று போன வழியே நடக்க வேண்டியதுதான்!

எப்படியும் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, போனைக் கற்பூரத்தட்டு மாதிரி முன்னால் நீட்டியபடி வீட்டுக்காரரோடு கிளம்பினேன். முதலில், ஊர் முனையில் நின்ற நேற்றைய ஜீப். அதைச் சுற்றி வந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு சுற்று வந்தேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏனுங்கக்கா, வண்டிக்கு வேண்டுதலுங்களா?"

அடுத்து டீக்கடை. வாசலை மிதித்ததும் போன் சிணுங்கியது: ஒரு சாதனம் இணைந்துள்ளது. என் வீட்டுக்காரர் உற்சாகமாகப் பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிட்டார். கடைக்காரர் உள்ளேயிருந்து தன் போனைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"வாங்கக்கா. திடீர்னு நெட்டு நல்லா வருதே, நீங்க வந்துட்டீங்களாட்டமிருக்குதுன்னு நெனச்சேன்."

அவர் மகளின் பரீட்சை முடிவு பார்க்க எப்போதோ அவருக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். மறந்தே போயிருந்தது.

கல்யாண வீட்டுப் பந்தலுக்குள் நுழைந்தபோது போன் மறுபடி சிணுங்கியது. டீக்கடைக்காரர் கூட்டத்தில் இல்லை என்பதை முதலில் பார்த்துக்கொண்டேன். இங்கேதான் இருக்கிறது.

"அமுக்கு" என்றார் வீட்டுக்காரர் காதோரமாக.

"தாலி கட்டட்டுமுங்க."

தாலி கட்டினார்கள். அட்சதை போட்டோம். மேளக்காரர்கள் வாத்தியத்தை இறக்கிவைத்துவிட்டு மோர் குடிக்கப் போனார்கள். பந்தலில் பேச்சுச் சத்தந்தான். சத்தமில்லாமல் இருந்தால்தானே எங்கே அடிக்கிறதென்று தெரியும் என்று நினைத்து அமுக்கினேன்.

மணமேடைக்கு முன்னால் வரிசையாக வைத்திருந்த சீர்த்தட்டுகளுக்குள்ளிருந்து அலறியது. பந்தலே திரும்பிப் பார்த்தது. வாழைப்பழத் தட்டுக்கும் வெல்லத் தட்டுக்கும் நடுவே, கண்ணாடி சீப்பு வைத்த தட்டில், பூச்சரம் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது என் டேப்லெட்! சிவப்பு உறை வேறு. சீருக்கென்றே வாங்கினாற்போல இருந்தது.

மாப்பிள்ளையின் தாய்மாமன் பெருமையாகச் சொன்னார்: "பொண்ணூட்டுக்காரங்க மாப்பிள்ளைக்கு வெச்சதுங்க."

பெண்ணின் அப்பா திகைத்தார். "நாங்க வெக்கலீங்களே! நீங்க பொண்ணுக்குக் கொண்டாந்ததுன்னுல்ல நெனச்சோம்."

இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அலறல் நிற்கவில்லை. தாய்மாமன் அதை எடுத்து உறையைத் திறந்தார். திரை முழுக்க என் வீட்டுக்காரர், கட்டிலில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். சிரிப்புக்காக நான் எடுத்து வைத்திருந்த படம்.

"ஆருங்க இந்த மாப்பிள்ளை?" என்றார் தாய்மாமன்.

மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். மாலையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அய்யோ, அது தையக்காரக்காவோடதுங்க! நேத்து தலை மாடல் காட்டினாங்க." அப்புறம் பந்தல் முழுக்கச் சிரிப்பு. கூட்டத்துக்கு நடுவே போய் அதை வாங்கிக்கொண்டு வந்தேன், காதெல்லாம் சூடாகிவிட்டது. நேற்றுச் சீர் வந்த சந்தடியில், நான் உட்கார்ந்து தைத்த இடத்தில் கிடந்ததை யாரோ சீர் என்று நினைத்துத் தட்டில் எடுத்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் பக்கம் நான் திரும்பவே இல்லை.

பந்தியில் பெண்ணின் அப்பா தானே வந்து என் இலையில் பாயசம் விட்டார். குனிந்து மெல்லச் சொன்னார்:

"நல்லவேளை வந்தீங்க சாமி. இத்தாப்பெரிய சீரு வெச்சிருக்காங்களே, பதிலுக்கு நாம என்ன செய்யறதுன்னு ராத்திரியெல்லாம் நானும் எங்கூட்டுக்காரியும் பொட்டுக்கூடத் தூங்கலீங்க."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி விட்டார். போதும் என்று நான் கையை நீட்டித் தடுத்தும் கேட்கவில்லை.