போனை நம்பிக் கொடுத்த சர்பத்

2025 ஜூலை 12, சனிக்கிழமை. வழக்கம்போல் காலை ஆறு மணிக்குக் கணவரின் சர்க்கரை அளவை நோட்டில் எழுதினேன்: 138. அவர் கையில் ஒட்டியிருக்கும் சென்சார், அளவை என் போனுக்கு அனுப்பிவிடும்.

குற்றாலத்தில் சீசன் என்பதால் ஐந்தருவிக்குப் போனோம். குளிக்கும் முன், அங்கே எண்ணெய் தேய்த்துவிடுபவர் ஒருவரிடம் அவர் தேய்த்துக்கொண்டார். தேய்ப்பவர் இரண்டு கைகளையும் நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டார். அருவியில் குளித்துவிட்டு அவர் திரும்பியபோது சர்க்கரை மிகவும் குறைந்துவிட்டதாகப் போன் அலறியது: 52.

"ஏட்டி, எனக்கு ஒண்ணும் செய்யல."

"இதுல காட்டுதுல்லா? பேசாம குடிங்க."

"எம்மூஞ்சியப் பாருட்டி. போனையே பாக்குத."

இரண்டு கிளாஸ் சர்பத் குடிக்க வைத்தேன். வீட்டுக்கு வந்தும் எண் ஏறவில்லை. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தேன். மதியம் தாகம் தாகம் என்று சொன்னவர், எழுப்பினாலும் சரியாகக் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள்: 431. எண்ணெயில் பசை விட்டுப்போய், சென்சார் பாதி கழன்றிருந்தது.

"வீட்டுல ஒரு தடவ குத்திப் பாத்திருக்கலாம்லாக்கா?" என்றார் நர்ஸ். குளுக்கோமீட்டர் அலமாரியில்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, "உடம்பு எப்படி இருக்கு?" என்று முதலில் அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதிய பிறகே, வீட்டிலிருந்து கொண்டுவந்த குளுக்கோமீட்டரை எடுத்து அவர் விரலில் குத்தினேன்.