டிரைவர் மேல் விழுந்த பழி

லிங்கேஷ் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். சங்கரன்கோவில் ஸ்டேஷன் பக்கம் அவன் வீட்டு மாடியறைதான் ஸ்டுடியோ. படம் எடுப்பது ஜெபசிங்காகிய நான். அதை வெட்டி ஒட்டி மனிதர் பார்க்கும்படி ஆக்குவது அவன். கெட்டிக்காரன்தான். ஆனால் ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், வீடே எரிந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டான். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

கடையநல்லூர் ஜரினாவின் நிக்காஹ் வீடியோ அது. அவள் வாப்பா முகம்மது யூசுப் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். லீவு கிடைக்காமல் மகள் கல்யாணத்துக்கே வர முடியவில்லை பாவம். நாங்கள் எடிட்டை முடித்த அன்று சாயங்காலம் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று வேலைக்குக் கிளம்புகிறார். அங்கே நெட் கிடையாது. கரைக்குத் திரும்ப மாதக்கணக்காகும். அவர் கிளம்புவதற்குள் வீடியோவை அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தோம்.

வேலை வேகமாக நடக்கட்டும் என்று லிங்கேஷ் புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தான். பழையதைக் கையோடு விற்றும்விட்டான், மகராசன். எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் எக்ஸ்போர்ட் பாதி வரை போகும். திரை கறுத்துவிடும். டிரைவர் நின்றுவிட்டது என்று ஒரு வரி வரும். அந்த வரி சொன்னதை நம்பி அவனும் கார்டை இயக்கும் அந்த டிரைவர் மென்பொருளையே போட்டு வதைத்தான். அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். முந்தைய பதிப்பைப் போட்டுப் பார்த்தான். விண்டோஸையே மறுபடி ஏற்றினான். எதற்கும் அது மசியவில்லை.

ஜரினாவின் அண்ணன் பாதுஷா போன் செய்தான். "டிரைவர் கிராஷ் ஆகிட்டே இருக்கு" என்றேன்.

"யா அல்லா! ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று பதறினான். விளக்கிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

"ஏலே, அந்தக் கார்டைக் கழத்திப் பாருலே!" என்று லிங்கேஷிடம் கத்தினேன்.

"புதுசுலே. அதுல என்ன இருக்கப் போவுது?"

முனகிக்கொண்டே கழற்றினான். போர்டில் செருகும் தங்க நிற ஓரத்தில் காய்ந்த மண் கோடு ஒன்று ஒட்டியிருந்தது.

அவன் மனைவி செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். "கோயில் புற்றுமண்ணுங்க. புதுச் சாமான்லா, பூச்சி பொட்டு அண்டக் கூடாதுன்னு கரைச்சுப் பூசினேன். அந்த இடம்தான் பொன்னு மாதிரி மின்னுச்சு."

எங்கள் ஊரில் புற்றுமண்ணை நெற்றியில் பூசுவார்கள், புண்ணில் பூசுவார்கள். கம்ப்யூட்டருக்குப் பூசியது இவள் ஒருத்திதான். "தாயே!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். லிங்கேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். அழிரப்பரால் தேய்த்துத் துடைத்து மாட்டினான். எக்ஸ்போர்ட் கடைசிவரை ஓடியது. லிங்க்கை அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கிளம்பும் முன் யூசுப் பாய் குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தம்பி, நிக்காஹ் அன்னிக்கு நான் வீடியோ கால்ல இருந்தேன். பிள்ள என்னமோ கேக்கா, அதுக்குள்ள லைன் கட்டாயிட்டு. பொறவு கேட்டா ஒண்ணுமில்ல வாப்பான்னுட்டா. என்ன கேட்டான்னு இப்பதான் தெரிஞ்சுது."

லிங்கேஷ் அந்த இடத்தைத் தேடிப் போட்டான். மணக்கோலத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, ஜரினா போனைப் பார்த்துக் கேட்கிறாள்: "வாப்பா, சாப்டீங்களா?"