அத்தானின் மீசையும் குட்டைக் கெண்டையும்

என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மீசைக்காரர் என்றால்தான் தெரியும். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். கடைப் பலகையில் எழுத்தே கிடையாது. பெரிய மீசை ஒன்று மட்டும் வரைந்திருக்கும். பலகை மீசைக்கும் முகத்து மீசைக்கும் ஒரே வித்தியாசம், முகத்தில் இருப்பதற்கு அடிக்கடி மை பூச வேண்டும்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. கடையை ஒட்டிய அறையில் நான் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். நடுவில் ஒரு திரை. ஆட்கள் இருக்கும்போது நான் கடைப்பக்கம் போகமாட்டேன். திரையில் கண் உயரத்துக்கு ஒரு கிழிசல் இருக்கிறது. தையல்காரியாக இருந்தும் அதை மட்டும் நான் தைக்கவில்லை.

அத்தானுடைய கத்தரிக்கோல் ஓயாது. வெட்ட முடி இல்லாத நேரத்திலும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும். இடது கை விரல் இரண்டுக்கு நடுவில் ஏதாவது விறைப்பாக மாட்டினால் போதும், வலது கை தானாக வந்து நறுக்கிவிடும். ஒருமுறை ஒருவருடைய கிருதாவோடு சேர்த்து அவர் காதில் மாட்டியிருந்த பாட்டுக் கேட்கிற ஒயரையும் நறுக்கிவிட்டார். அந்த மனிதர் பாட்டு முடிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

செல்போன் ரிப்பேர்காரர் முடிவெட்ட வந்த அன்றுதான் எல்லாம் தொடங்கியது. போனில் ஒரு படம் காட்டினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவன் நீளமான நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசுகிறான். தூண்டில் முள்ளில் புழு இல்லை, மாவு இல்லை. கொஞ்சம் முடியையும் இறகையும் நூலால் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டியிருக்கிறான். மீன் அதைப் பூச்சி என்று நம்பிக் கவ்வுகிறது. அத்தான் படத்தைப் பார்க்கவில்லை. கீழே தரையைப் பார்த்தார். கூட்டிக் குவித்திருந்த முடி கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. இவ்வளவு நாளாக மீனைக் குப்பையில் கொட்டியிருக்கிறோமே என்கிற மாதிரி இருந்தது அவர் முகம்.

பெஞ்சில் எதிர்க்கடை மீன்காரர் காத்திருந்தார். இருவரும் சிநேகிதர்கள்தான், ஒருவரை ஒருவர் சீண்டாமல் அவர்களுக்குப் பொழுது போகாது.

"உசிரோட புழுவப் போட்டாலே மோந்து பாத்துட்டுப் போற மீனு" என்றார் மீன்காரர். "நீ வெட்டிப்போட்ட முடிக்கு வாயத் தொறந்துக்கிட்டு வருமா?"

இதற்கு மேல் முடியைப் பற்றி அவர் சொன்னதை நான் எழுதமாட்டேன். கடையே சிரித்தது. அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் முடி கட்டிய முள்ளில் ஒரு மீன் பிடித்துக் காட்டுவேன் என்றார்.

"புடிக்கலேன்னா?"

"மீசைய எடுத்துடறேன்யா."

சொன்னதும் கத்தரிக்கோல் நின்றது. அது நின்று நான் பார்த்தது அன்றுதான். பிடித்துவிட்டால் தன் மீசையை எடுப்பதாக மீன்காரரும் சொன்னார். இரண்டு எறும்பு எதிரெதிராக வந்து முட்டிக்கொண்ட மாதிரிதான் அவர் மீசை. பந்தயம் சமமில்லை என்று பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் வாயைவிட்டுப் போன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியவில்லை.

ராத்திரி சாப்பாட்டின்போது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். போனால் முளைக்கப்போகிறது, இதற்கு ஏன் இப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அத்தான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இது இல்லேன்னா நான் அப்படியே எங்கம்மா மாதிரி இருப்பேன்" என்றார். "அதுக்குத்தான் வளத்ததே."

அக்காவின் சிரிப்பு நின்றது. அவளுடைய மாமியார் இப்போது இளைய மகனோடு வேறு ஊரில் இருக்கிறார். இங்கே இருந்த காலத்தில் அந்த அம்மா அறைக்குள் வந்தால், கையில் இருப்பது தோசைக்கரண்டியோ குழந்தையோ, அக்கா அப்படியே எழுந்து நிற்பாள். அந்த அம்மா ஊர் மாறியதும் அக்கா ஒரு வாரம் வேண்டுமென்றே உட்கார்ந்தே இருந்தாள்.

"அப்போ மீன் புடிச்சே ஆகணும்" என்றாள் அக்கா.

ரிப்பேர்காரர் மூலமாகத் தூண்டில் கம்பு வந்தது. கடை திறக்குமுன் தெருவில் நின்று அத்தான் வீசிப் பழகினார். சாதாரணத் தூண்டிலில் கனம் முள்ளுப் பக்கம் இருக்கும். இதில் முள்ளுக்குக் கனமே இல்லை. தடித்த நூல்தான் கனம். அதைப் பின்னால் வீசி, முழுக்க நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். பொறுப்பது அத்தானுக்கு வராது. சாட்டை மாதிரி சொடுக்கினார். பின்னால் போன முள் கொடியில் காய்ந்த அக்காவின் பாவாடையை எடுத்துக்கொண்டு வந்தது. அடுத்த நாள் தெருவைத் தாண்டிப் போய் மீன்காரர் பலகையிலிருந்து ஒரு மீனையே இழுத்துக்கொண்டு வந்தது.

அதுவே பந்தய மீன் என்று அத்தான் வாதாடினார். ஐஸில் கிடந்த மீன் எப்படிக் கவ்வும் என்று மீன்காரர் கேட்டார். கூடியிருந்தவர்கள் பேசி, கவ்வும்போது மீனுக்கு உயிர் இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

துவைத்த போர்வையை உதறும்போது அது விரிந்து முடியும்வரை கை தானாக நிற்கும், அந்த மாதிரி நின்றால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அக்காவின் காதில் சொன்னேன். நான் காதில் சொல்வது எதுவானாலும் அடுத்த நொடி தெருவுக்கே கேட்கும். அன்றிலிருந்து அத்தான் வீசும்போதெல்லாம் அக்கா பின்னால் நின்று, "பொறு, பொறு, பொறு, ம்" என்பாள். "ம்" என்றதும் முன்னால் வீச வேண்டும். நூல் நேராகப் போகத் தொடங்கியது.

பூச்சி கட்டுகிற வேலை என்னிடம் வந்தது. மீன் இருக்கிற குட்டை எங்கள் தெருக்கோடியில்தான் இருக்கிறது, செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம். ஆழமில்லை, வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கிடக்கும். சாயங்காலம் கெண்டைகள் கரையோரப் புல்லடிக்கு வருவதையும், புல்லிலிருந்து தவறி விழுகிற பூச்சியை அவை உறிஞ்சுவதையும் குடம் கழுவப் போகிற சாக்கில் பார்த்து வைத்தேன். பழைய ரப்பர் செருப்பில் பயறு அளவு துண்டு வெட்டி, முள்ளில் கோத்து, முடியைக் கால் மாதிரி கட்டினேன். செருப்பு நன்றாக மிதந்தது. முடிதான் சரியில்லை. தண்ணீர் பட்டதும் குளித்துவிட்டு வந்த தலை மாதிரி படிந்துகொண்டது. பள்ளிக்கூட வாத்தியார் முடி, லாரி டிரைவர் முடி, கல்யாண மாப்பிள்ளை முடி எல்லாம் போட்டுப் பார்த்தோம். கெண்டைகள் கிட்டே வந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டன.

விறைப்பான முடி வேண்டும். அப்படி ஒன்று வீட்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொல்லப் பயமாக இருந்தது. அக்காவின் காதில் சொன்னேன்.

அத்தான் வெகுநேரம் கண்ணாடி முன்னால் நின்றார். மீசையைக் காப்பாற்ற மீசையைக் கேட்டால் அவர்தான் என்ன செய்வார். கடைசியில் இடது நுனியில் அரிசி நீளத்துக்கு நறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். நகை கொடுப்பதுபோல் கொடுத்தார். அதில் கட்டிய பூச்சி தண்ணீரில் காலை விரித்துக்கொண்டு நின்றது. மை பூசாத அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. பூச்சிக்கு அது இன்னும் எடுப்பாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குட்டைக் கரையில் இருந்தார்கள். மீன்காரர் முக்காலியே கொண்டுவந்துவிட்டார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அத்தான் முள்ளை முடிந்து, மிச்ச நூல் நுனியைக் கத்தரித்துவிட்டு, பழக்கத்தில் கத்தரிக்கோலை விரலிலேயே மாட்டிக்கொண்டு கம்பைப் பிடித்தார்.

பொறு, பொறு, பொறு, ம். நூல் போய்ப் புல்லோரம் விழுந்தது. பூச்சி காலை விரித்து நின்றது. தண்ணீர் ஒரு கை அகலத்துக்கு உப்பி, "ப்ளக்" என்று ஒரு சத்தம். பூச்சியைக் காணவில்லை.

கம்பு வளைந்தது. மீன்காரர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அத்தான் நூலை இழுத்து இழுத்துக் கெண்டையைக் கரையருகே கொண்டுவந்தார். நல்ல பெரிய கெண்டை. கம்பை ரிப்பேர்காரர் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். முள்ளுக்கு மேலே இருக்கிற மெல்லிய நைலான் நூலை இடது கை விரல் இரண்டுக்கு நடுவில் பிடித்தார். விறைப்பாகக் கண்ணுக்கு நேரே தூக்கினார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவசரமாக அக்காவின் காதுக்கு எட்டினேன்.

வலது கை வந்தது. சக்.

கெண்டை வாலால் ஒரு அறை அறைந்துவிட்டு, மீசையோடு போய்விட்டது. அத்தான் நிமிர்ந்தார். அவர் அறியாமலே வாயிலிருந்து வந்தது:

"அடுத்து யாருங்க?"

மீன்காரர் சிரித்துச் சிரித்து முக்காலி இருக்கிற இடம் தெரியாமல் தரையில் உட்கார்ந்தார். கவ்வியதை எல்லோரும்தான் பார்த்தோம், ஆனால் கரைக்கு வரவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான் என்று அத்தான் கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை கடைக் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு, தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். துணியைத் தன் கழுத்தில் தானே கட்டிக்கொண்டார். அக்கா பார்க்கமாட்டேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் திரைக் கிழிசலில் கண்ணை வைத்து நின்றேன். இடது பக்கம் முழுக்கப் போயிருந்தது. கத்தியைத் துடைத்து வலது பக்கம் வைக்கப் போகும்போது மீன்காரர் கதவை இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு கெண்டை.

விடிகாலையில் குட்டையில் வலை போட்டவன் பிடித்த மீனைக் கூடையோடு கொண்டுவந்து அவரிடம் கொடுத்திருக்கிறான். அதில் இந்தக் கெண்டையின் வாயைப் பிளந்து பார்த்தால் உள்ளே செருப்புத் துண்டு, கறுப்பு முடி, அடியில் வெள்ளை.

"பூனைக்குப் போட்டிருந்தா யாருக்குய்யா தெரியும்?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. "போடலையே நான். கவ்வுறப்ப உசிரு இருந்துச்சு, ஊரே பாத்துச்சு. நீ ஜெயிச்சுட்ட."

அப்புறம்தான் அத்தான் முகத்தைச் சரியாகப் பார்த்தார். மீனைப் பிடித்திருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

"பாதி வரைக்கும் பொறுத்துட்டுத்தான்யா இருந்தேன்" என்றார் அத்தான்.

பாதி மீசையை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாது. அத்தான் மிச்சத்தையும் எடுத்தார். மீன்காரர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார், இரண்டு எறும்பும் ஒரே இழுப்பில் போயின. வருத்தம் இருவருக்கும் சமமாக இருந்ததால் இருவருக்கும் நிம்மதிதான்.

அக்கா டீத் தட்டோடு உள்ளே வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற அத்தான் பக்கம் திரும்பினாள். அவள் முதுகு விறைத்தது. இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இறக்கிவிட்டாள்.

"வாங்க அத்தை" என்றாள். "எப்ப வந்தீங்க?"

அத்தான் தட்டிலிருந்து டம்ளரை எடுத்தார். டீயை ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை தூக்கலா இருக்கு" என்றார், அச்சு அசல் அந்த அம்மாவின் குரலில். அக்கா தட்டோடு அடுப்படிக்குப் பாதி தூரம் போன பிறகுதான் நின்றாள்.

அந்தத் தட்டு எங்கே பறந்தது என்பதை மீன்காரர் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, நான் சொல்ல வேண்டியதில்லை. மீசை முளைக்கும்வரை அத்தான் அறைக்குள் வந்தால் அக்கா எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தாள், நின்ற பிறகு திட்டிவிட்டு உட்காருவாள். வந்தவர்கள் பலகையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மீசைக்காரர் இல்லையா அம்மா என்று அத்தானிடமே கேட்டார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தானும் மீன்காரரும் சேர்ந்தே குட்டைக்குப் போகிறார்கள். மீசை கட்டிய பூச்சி அதற்குப் பிறகு மூன்று கெண்டை பிடித்துவிட்டது. கிளம்பும்போது அக்கா அத்தானுடைய சட்டைப் பை, கால்சட்டைப் பை, தொப்பி எல்லாம் தடவிப் பார்ப்பாள். கத்தரிக்கோலைப் பிடுங்கி என் மெஷின் மேல் வைத்த பிறகுதான் கம்பைக் கையில் கொடுப்பாள்.